மோட்டாருக்கும் பம்ப்புக்கும் இடையே ஸ்ப்ளைன் ஹப்: இடைவெளியைக் கூட்டுவதா, பூட்டிவிடுவதா?

துவாஸ் இளையவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் துவாஸ் தெற்கில் உருக்குத் தகடுகளை வளைக்கும் ஒரு தொழிற்கூடத்தில், பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பிரெஸ்ஸுக்கு எண்ணெய் அழுத்தம் தரும் பவர் பேக்கில் 30 கிலோவாட், 4 துருவ மோட்டார் ஒன்று கால்களில் நிற்கிறது. அதற்கு எதிரே, அதே அடித்தளச் சட்டத்தில், செங்குத்தான ஒரு தாங்கித் தகட்டில் ஆக்ஸியல் பிஸ்டன் பம்ப் பொருத்தப்பட்டுள்ளது. மோட்டார் தண்டு 55 மில்லிமீட்டர் விட்டம், சாவியுடன் (வழுக்காமல் இருக்கப் பள்ளத்தில் செருகும் உலோகக் கட்டை) கூடியது. பம்ப் தண்டு எஸ்ஏஇ தர அளவில் சி வகை ஸ்ப்ளைன், அதாவது சுற்றிலும் நீளவாக்கில் பற்கள் வெட்டிய தண்டு. 14 பற்கள், 12/24 பிட்ச், 30 டிகிரி அழுத்தக் கோணம். இரண்டையும் இணைப்பது சி45 எஃகில் கடைந்த ஒரே துண்டு ஹப், அதாவது இணைப்புக் குழல். அதன் ஒரு முனையில் சாவிப் பள்ளமும் மறுமுனையில் 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு உள்பற்களும் உள்ளன.

சில மாதங்களுக்கு ஒருமுறை இந்த ஹப் தேய்ந்துபோகிறது. காப்பு மூடியைத் திறந்தால் பம்ப் பக்கத்தில் செங்கல் நிறப் பொடி, விபூதியைப் போன்ற நுண்மையுடன், வட்டமாகப் படிந்திருக்கிறது. ஹப்பின் பல்முகங்களில் விரல் நகம் சிக்கும் அளவுக்குப் படி விழுந்துவிட்டது. இப்போது பம்ப் தண்டின் பற்களிலும் அதே அடையாளம் தொடங்கியிருப்பதால்தான் இங்கே எழுதுகிறேன். ஹப்பை மாற்றுவது எளிது, பம்ப் தண்டை மாற்றுவது அப்படியல்ல.

ஹப்பை எடுத்துவிட்டு, பம்ப் தண்டில் 100 மில்லிமீட்டர் வட்டத் தகடு ஒன்றைப் பொருத்தி, மோட்டார் தண்டில் நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜைக் கட்டிச் சுற்றிப் பார்த்தேன். விளிம்பில் மொத்த வாசிப்பு 0.30 மில்லிமீட்டர், முகத்தில் 0.15 மில்லிமீட்டர். ஹப்பைச் செய்து தரும் நிறுவனம், பல் இடைவெளியைச் சற்றுக் கூட்டிச் செய்தால், இரு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாத இந்த விலகலை அதுவே ஏற்றுக்கொள்ளும் என்கிறது. எங்கள் மேற்பார்வையாளர், கடற்காற்றால் வரும் துருதான் இது என்று கருதுகிறார். எனக்கோ, பல்லோடு பல் கோத்துத் தண்டுகளை இணைக்கும் கியர் கப்ளிங்கில் இருப்பதைப் போல ஹப்பின் பற்களை நடுவில் குவித்து, முனைகளைக் குறைத்துச் செய்தால் என்ன என்று தோன்றுகிறது. இவற்றுள் எது சரி என்று அனுபவமுள்ளவர்கள் காரணத்துடன் விளக்க வேண்டுகிறேன்.

ஜூரோங் சுழலி எழுதியது:

தம்பி, அளவெடுத்துவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதனால் அளவுகளைக் கொண்டே பேசலாம்.

முதலில் வலிமையைப் பார்த்து அதை ஒதுக்கிவிடுவோம். 30 கிலோவாட், நிமிடத்திற்கு 1475 சுற்று என்றால் முறுக்கு விசை ஏறத்தாழ 194 நியூட்டன் மீட்டர். உங்கள் ஸ்ப்ளைனின் பிட்ச் வட்ட ஆரம் 14.8 மில்லிமீட்டர் என்பதால் பல்முகங்களில் விழும் தொடுவிசை சுமார் 13,100 நியூட்டன். ஸ்டப் (குட்டை) வகைப் பல்லின் தொடும் உயரம் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 40 மில்லிமீட்டர் நீளத்தில், பதினான்கில் பாதிப் பற்களே சுமை தாங்குகின்றன என்று வைத்துக்கொண்டாலும் தொடு அழுத்தம் 22 மெகாபாஸ்கல் அளவிலேயே நிற்கிறது. எஃகுக்கு இது பெரிய சுமையே அல்ல. ஆகவே உங்கள் பற்கள் முறுக்கு விசையால் அழியவில்லை; ஒன்றன் மேல் ஒன்று நகர்வதால் அழிகின்றன.

எவ்வளவு நகர்கின்றன என்பதையும் கணக்கிடலாம். முகத்தில் 100 மில்லிமீட்டருக்கு 0.15 என்பது 1.5 மில்லிரேடியன் கோண விலகல், அதாவது ஒரு தண்டு மற்றதற்குச் சாய்ந்து நிற்கும் அளவு. தண்டு ஒருமுறை சுற்றும்போது ஒவ்வொரு பல்லும் தன் இணையின் மேல், ஆரம் பெருக்கல் கோணம் என்ற அளவுக்கு முன்னும் பின்னும் வழுக்குகிறது. அது இங்கே ±22 மைக்ரான். ஒரு சுற்றுக்கு மொத்தம் 88 மைக்ரான் பாதை. ஒரு மணி நேரத்திற்கு 88,500 சுற்றுகள் என்பதால், ஏறத்தாழ 8 மீட்டர் தூரம் உலர்ந்த எஃகு உலர்ந்த எஃகின் மேல், சுமையுடன், நுண்ணிய அடிகளாக உரசுகிறது. இதுதான் ஃபிரெட்டிங். புதிதாக வெளிப்படும் உலோகம் உடனே ஆக்சைடாகிப் பொடியாக உதிர்கிறது. அந்தப் பொடி உலோகத்தைவிடக் கடினமானது என்பதால் அதுவே அரைக்கும் தூளாகி மேலும் தேய்க்கிறது. ஹப் மென்மையான எஃகு, தண்டு கடினப்படுத்தியது, எனவே தண்டு தப்பிவிடும் என்று நம்பிக் காலம் தாழ்த்துவது இதனால்தான் பலிப்பதில்லை.

கடற்காற்று பற்றிச் சொன்னதை மதிப்புடன் மறுக்கிறேன். ஈரத்தால் வரும் துரு பல்லின் அடிப்பள்ளம், ஹப்பின் வெளிப்புறம், பக்கத்தில் உள்ள போல்ட் தலை என எல்லா இடத்திலும் வரும். உங்கள் பொடி, பற்கள் தொடும் முகங்களில் மட்டும் உண்டாகிறதா என்று துடைத்துப் பாருங்கள். மென்னெஃகில் ஃபிரெட்டிங் தேய்மானம் ஈரக்காற்றைவிட உலர்ந்த காற்றில்தான் அதிகம் என்பது பழைய சோதனைகளிலேயே தெரிந்த செய்தி. நம் ஊரின் ஈரப்பதத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் காரணம் கண்ணில் படாமலே போய்விடும்.

அடுத்தது இடைவெளி. உங்கள் கோண விலகலில், 40 மில்லிமீட்டர் நீளப் பல்லின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே 0.06 மில்லிமீட்டர் சாய்வு இருக்கிறது. பின்பக்க இடைவெளியைக் கூட்டினால் தண்டு இறுகிச் சிக்காது; அவ்வளவுதான் அதன் பயன். சுமை தாங்கும் முன்முகத்தில் அந்தச் சாய்வு அப்படியே இருக்கும். தண்டின் ஒரு புறத்துப் பற்கள் முன்முனையிலும் எதிர்ப்புறத்துப் பற்கள் பின்முனையிலும் தொடுமே தவிர, முழு நீளத்திலும் படியாது. அதோடு, மோட்டார் தொடக்க இணைப்பான ஸ்டாரிலிருந்து ஓட்ட இணைப்பான டெல்டாவுக்கு மாறும் நொடியிலும், பிரெஸ் அழுத்தத்தை விடும்போதும் முறுக்கு விசை ஏறி இறங்கும். கூட்டிய இடைவெளி அப்போது அடியாக மாறும். பம்ப்பில் 9 பிஸ்டன்கள் இருந்தால் சுற்றுக்கு 9 துடிப்பாக, நொடிக்கு 220 முறைக்கு மேல் அது அதிரும். எனவே நிறுவனம் சொன்ன வழி தேய்மானத்தை விரைவுபடுத்துமே அன்றிக் குறைக்காது என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் கேட்காத ஒன்று, என் பார்வையில் மிகப் பெரியது. விளிம்பில் மொத்த வாசிப்பு 0.30 என்றால் இணை விலகல், அதாவது அச்சுகள் பக்கவாட்டில் தள்ளி நிற்கும் தூரம், அதில் பாதி, 0.15 மில்லிமீட்டர். ஒற்றை ஸ்ப்ளைன் இணைப்பு கோணத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். இணை விலகலை ஏற்கும் வழி அதற்கு அறவே இல்லை. சுமை ஏறியதும் வளைந்த பக்கமுள்ள இன்வல்யூட் பற்கள் தண்டை ஹப்பின் மையத்துக்கு இழுக்கும். மோட்டாரும் பம்ப்பும் நகர மாட்டா. எனவே தண்டு வளையும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவு தண்டின் ஒவ்வொரு இழையையும் இழுத்து அமுக்கும். பம்ப்பின் முன் பேரிங்கும் ஆயில் சீலும் அந்த விசையைச் சுமக்கும். சீலில் கசிவு தொடங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஆகவே வடிவமைப்பில் இரண்டில் ஒன்றைத் தெளிவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்ப்ளைனை அசையாமல் பூட்டிவிட்டு, நெகிழ்வை வேறொரு உறுப்பிடம் ஒப்படைப்பது ஒன்று. பற்களே அசைய வேண்டுமென்றால், குவிந்த பற்கள், கடினமான முகம், எண்ணெய், அதோடு இடைவெளிவிட்டு இரண்டு பல்லிணைப்புகள் என முழுமையான கியர் கப்ளிங்காகவே செய்துவிடுவது மற்றொன்று. பூட்டவும் செய்யாமல், அசைவுக்கு ஏற்பவும் செய்யாமல் நடுவில் நிற்கும் ஹப்தான் உங்களிடம் இருப்பது.

பைனியர் பட்டறை எழுதியது:

ஜூரோங் ஐயா சொன்னதோடு, பல் வெட்டுபவள் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

பற்களைக் குவிக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் குவிவு வெளிப்பற்களில்தான் வர வேண்டும். ஹாப் எனும் சுழன்று பல் வெட்டும் கருவியைத் தண்டின் நீளவாக்கில் மெல்ல உள்ளும் வெளியுமாக வளைவாக ஓட்டி வெளிப்பல்லைக் குவிக்கலாம். உள்பற்களை நாங்கள் பிரோச் எனும் பல்வரிசைக் கருவியை இழுத்தோ, மின்பொறி பாயும் கம்பியால் வயர் கட் செய்தோதான் வெட்டுகிறோம்; பிரோச் நேராகத்தான் போகும், கம்பியும் மேலிருந்து கீழ்வரை நேர்கோடாகத்தான் நிற்கும். உங்கள் இணைப்பில் வெளிப்பற்கள் பம்ப் தண்டில் இருக்கின்றன. அவை பம்ப் தயாரிப்பாளருடையவை, அவற்றைத் தொட முடியாது. ஆக, ஹப்பின் பற்களைக் குவிப்பது காகிதத்தில் வரையலாம், பட்டறையில் நியாயமான செலவில் செய்ய முடியாது.

பூட்டும் ஹப் எளிது. ஸ்ப்ளைன் பகுதியை நீளவாக்கில் ஒரு பக்கம் அறுத்துப் பிளந்து, அந்தப் பிளவுக்குக் குறுக்கே 12.9 தர ஆலன் போல்ட் ஒன்றோ இரண்டோ போட்டு இறுக்கினால், துளை ஒடுங்கிப் பல்முகங்களை இருபுறமும் கவ்விக்கொள்ளும். ஹைட்ராலிக் பம்ப்புகளுக்குக் கப்ளிங் விற்பவர்கள் இதை ஆயத்த ஹப்பாகவே எஸ்ஏஇ அளவுகளில் தருகிறார்கள். காக்கி புக்கிட்டில் உள்ள கடைகளில் கேட்டாலே கிடைக்கும். நீங்களே செய்வதானால் சி45ஐ விட்டுவிட்டு 4140 எஃகைப் பதப்படுத்தி எடுங்கள். பிளவின் முடிவில் ஒரு சிறு துளை போடுங்கள். இல்லையேல் அங்கிருந்து வெடிப்பு ஓடும். பிளவு பல்லின் நடுவில் வராமல் பல்லிடைப் பள்ளத்தில் வரும்படி அறுக்க வேண்டும். போல்ட்டைக் கண்ணளவில் இறுக்காமல் டார்க் ரென்ச்சால், ஹப் தயாரிப்பாளர் தந்த அளவுக்கு இறுக்க வேண்டும். பாதி இறுகிய கவ்வு ஹப் பிளவில்லாத ஹப்பைப் போலவே பொடி கக்கும்.

தேய்ந்த தண்டில் புதிய கவ்வு ஹப்பைப் போடலாமா என்றால், நகம் சிக்கும் படி தண்டிலும் விழுந்துவிட்டிருந்தால் கூடாது. கவ்வு அந்தப் படியின் மேட்டில் மட்டும் பிடிக்கும். பள்ளத்தில் அசைவு தொடரும்.

கப்பல்துறைக் கிழவன் எழுதியது:

பூட்டுவதே எப்போதும் விடை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கப்பல்களின் பம்ப்புகளில் கியர் கப்ளிங்குகள் நீண்ட காலம் உழைப்பதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்து வந்திருக்கிறேன். கப்பலின் தளம் சுமைக்கும் அலைக்கும் ஏற்ப நெளியும். கரையில் செய்த அலைன்மென்ட் (தண்டுகளை நேர்ப்படுத்தல்) கடலில் அப்படியே நிற்காது. அங்கே ரப்பர் உறுப்பைவிட நடுத்துண்டுள்ள கியர் கப்ளிங்கை நான் விரும்புவேன்.

ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. இணை விலகல் 0.15 என்றால், இரண்டு பல்லிணைப்புகளுக்கு இடையே 80 மில்லிமீட்டர் தூரம் இருக்கும்போது ஒவ்வொன்றிலும் 1.9 மில்லிரேடியன் சாய்வு வரும். அதையே 250 மில்லிமீட்டர் நடுத்துண்டாக்கினால் 0.6 ஆகக் குறையும். தூரம்தான் இங்கே மருந்து. கியர் கப்ளிங்கின் பல் வட்டம் பெரிது என்பதால், அதே கோணத்துக்குப் பற்கள் ஸ்ப்ளைனில் நகர்வதைவிட அதிகமாக நகரும். 40 மில்லிமீட்டர் ஆரத்தில் 1.9 மில்லிரேடியன் என்றால் ±76 மைக்ரான். அது உலராமல் கிரீஸில் நகர்வதால் பிழைக்கிறது.

குவிவின் அளவையும் சொல்லிவிடுகிறேன். 20 மில்லிமீட்டர் முகநீளமுள்ள பல்லை 500 மில்லிமீட்டர் ஆரத்தில் குவித்தால், அரை டிகிரி சாய்வில் தொடும் புள்ளி நடுவிலிருந்து 4.4 மில்லிமீட்டர் நகரும். முனைக்கு இன்னும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால் விளிம்பு கடிக்காது. குவிவைக் கூட்டினால் இன்னும் சாயலாம், ஆனால் தொடும் பரப்பு சுருங்கித் தொடு அழுத்தம் ஏறும். மேற்பரப்பை நைட்ரஜனால் கடினமாக்கும் நைட்ரைடிங் செய்த முகம் வேண்டும் என்பது இதனால்தான். அசையும் பல்லிணைப்பில் பல் நீளம் குறைவாகவும், பூட்டிய ஸ்ப்ளைனில் நீளம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கெடுதல்.

கிரீஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சாதாரண பேரிங் கிரீஸ் சுழலும் விசையில் பிரிந்து, எண்ணெய் ஒரு பக்கமும் சோப்பு ஒரு பக்கமுமாகப் போய்விடும். சோப்பு பற்களில் கட்டியாக நிற்கும். கப்ளிங் கிரீஸ் என்றே தனியாக விற்பதைத்தான் போட வேண்டும், குறித்த காலத்தில் கழுவி மாற்றவும் வேண்டும். அதைச் செய்ய ஆளில்லாத இடத்தில் கியர் கப்ளிங்கைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

துவாஸ் இளையவன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பொடி பல்முகங்களில் மட்டுமே இருக்கிறது. பக்கத்துப் போல்ட்களில் துரு இல்லை. ஆயில் சீலின் கீழ்ப்புறம் லேசான ஈரம் தெரிகிறது. பம்ப் தண்டில் நிறம் மாறிய பட்டை மட்டும் உள்ளது, நகம் சிக்கவில்லை. எங்களிடம் கிரீஸ் மாற்றக் குறித்த கால அட்டவணை எதுவும் நடைமுறையில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பூட்டும் ஹப்போடு எந்த நெகிழ் உறுப்பைச் சேர்ப்பது? நைலான் ஸ்லீவ் கொண்ட பல் கப்ளிங் ஒன்றைக் கடையில் காட்டினார்கள். இரு உலோகப் பாதிகளின் விரல்களுக்கு நடுவே நட்சத்திர வடிவ ஸ்பைடர் எனும் நெகிழ்துண்டு கொண்ட ஜா கப்ளிங்கும் இருக்கிறது. சீனப் புத்தாண்டு விடுமுறையில் பிரெஸ் நிற்கும்போதுதான் வேலை செய்ய முடியும். அப்போது, மோட்டாரையும் பம்ப்பையும் ஒரே வார்ப்பில் நேராகப் பூட்டும் பெல் ஹவுசிங்குக்கே மாறிவிடலாமா?

ஜூரோங் சுழலி எழுதியது:

உங்கள் இடத்துக்கு ஜா கப்ளிங் பொருத்தம். நைலான் ஸ்லீவ் கப்ளிங் குவிந்த எஃகுப் பற்களைக் கொண்டது, எண்ணெய் வேண்டாதது, விலகலையும் நன்றாகவே ஏற்கும்; ஆனால் ஸ்லீவின் பற்கள் போய்விட்டால் மோட்டார் தனியே சுற்றும், பம்ப் நின்றுவிடும். ஜா கப்ளிங்கில் ஸ்பைடர் கிழிந்தாலும் உலோக விரல்கள் ஒன்றையொன்று தள்ளி, சத்தத்துடனாவது சுமையைக் கொண்டுபோகும். தகடு பாதி வளைந்து நிற்கும் நேரத்தில் அழுத்தம் போய்விடக் கூடாத பிரெஸ்ஸுக்கு அந்த வேறுபாடு பெரிது. துடிப்புள்ள சுமை என்பதால் 194ஐ இரண்டால் பெருக்கி, 390 நியூட்டன் மீட்டர் தாங்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பைடரின் கடினம் 92 ஷோர் ஏ போதும் என்றால் அதையே எடுங்கள். 98 கூடுதல் முறுக்கைத் தாங்கும், ஆனால் விலகல் ஏற்படுத்தும் பக்க விசையையும் கூடுதலாகப் பம்ப் பேரிங்குக்கு அனுப்பும்.

நெகிழ்வான கப்ளிங் வந்துவிட்டது என்பதற்காக 0.15ஐ அப்படியே விட்டுவிடாதீர்கள். 1500 சுற்று வேகத்தில், இத்தகைய சிறு கப்ளிங்குகளுக்கு இணை விலகல் 0.09, கோண விலகல் 100 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.07 என்ற வரம்பைப் பணிமனைகளில் பரவலாகப் பின்பற்றுகிறார்கள். அதற்குள் கொண்டுவாருங்கள். முதலில் மோட்டாரின் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, டயல் 0.05க்கு மேல் எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் அந்தக் கால் சட்டத்தில் படியவில்லை என்று பொருள், அதைச் சரிசெய்யாமல் ஷிம் (உயரம் திருத்தும் மெல்லிய தகடு) வைப்பது வீண். சூட்டால் உயரம் கூடுவதைப் பற்றிச் சிலர் பெரிதாகப் பேசுவார்கள். 200 மில்லிமீட்டர் அச்சு உயரத்துக்கு 25 டிகிரி சூடேறினால் 0.06 மில்லிமீட்டர்தான், மோட்டாரும் பம்ப் தாங்கியும் ஏறத்தாழ சமமாகவே சூடாவதால் உங்களுக்கு எஞ்சும் வேறுபாடு சிறிது.

நான் அதைவிட அஞ்சுவது குழாய்களை. டயலைத் தண்டில் கட்டிய நிலையிலேயே, உறிஞ்சு குழாயின் ஃபிளேஞ்ச் போல்ட்களையும் அழுத்தக் குழாயின் போல்ட்களையும் ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள், பிரெஸ் முழுவதும் அழுத்தம் இறக்கப்பட்டு, மின் இணைப்பு பூட்டப்பட்ட பிறகே. முள் நகர்ந்தால், குழாய்தான் பம்ப்பை இழுத்து வைத்திருக்கிறது. ஷிம்மால் அதைத் திருத்த முடியாது, குழாயை வெட்டிப் பொருத்த வேண்டும், அல்லது ஹோஸ் போட வேண்டும்.

பெல் ஹவுசிங்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. பம்ப்பின் 127 மில்லிமீட்டர் பைலட் (மையப்படுத்தும் வட்ட மேடு) அமரும் இடமும் மோட்டார் ஃபிளேஞ்ச்சின் பைலட் அமரும் இடமும் ஒரே வார்ப்பில் ஒரே அமைப்பில் கடையப்படுவதால், அலைன்மென்ட் ஆளின் கைத்திறனைச் சார்ந்திருக்காது. ஆனால் உங்களுடையது காலில் மட்டும் நிற்கும் மோட்டார். அதில் பெல் ஹவுசிங்கைப் பொருத்த ஃபிளேஞ்ச் இல்லை. இந்த மோட்டாரை மாற்ற வேண்டிய காலம் வரும்போது, காலும் ஃபிளேஞ்ச்சும் உள்ள பி35 வகையாகக் கேட்டு வாங்குங்கள். இந்த விடுமுறைக்குக் கவ்வு ஹப், ஸ்பைடர், குழாய் சோதனை, பம்ப்பின் சீல் ஆகியவை போதுமான வேலை.

பைனியர் பட்டறை எழுதியது:

பொருத்தும்போது கவனிக்க ஒன்று: ஹப்பைப் பம்ப் தண்டில் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். பிஸ்டன் பம்ப்பின் உள்ளே அந்த அடி நேராகச் சுழல் பகுதியையும் பேரிங்கையும் போய்ச் சேரும். பிளவில் ஒரு ஆப்பை மெல்ல நுழைத்துத் துளையைச் சற்றே விரித்தால் கையாலேயே ஏறிவிடும். தண்டின் முனை ஹப்பின் உள் முகத்தில் முட்டாமல், ஸ்பைடருக்குக் கப்ளிங் தயாரிப்பாளர் குறித்த இடைவெளி இருக்கும்படி நிறுத்தி, பிறகு போல்ட்டை இறுக்குங்கள். சில நாள் ஓடியபின் மூடியைத் திறந்து, பழைய இடத்தில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்பொடி ஏதும் ஒட்டினால் கவ்வு போதவில்லை என்று பொருள், உடனே நிறுத்திப் போல்ட் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்.